ஹோம்பர்க் வீட்டுப் பிள்ளைகள்

1820-லிருந்து 1866 வரை, 46 ஆண்டுகள், ஒரு குட்டி ஜெர்மன் நாட்டை ஒரு தாய் வயிற்றில் பிறந்த ஐந்து அண்ணன் தம்பிகள் வரிசையாக ஆண்டார்கள். மூத்தவர் போனதும் அடுத்தவர், அவர் போனதும் அதற்கடுத்தவர். ஐந்தாமவர் கண்ணை மூடியபோது நாடே இல்லாமல் போனது. ஐந்து பேருமே படைத்தளபதிகள். நான்கு பேர் ஆஸ்திரியப் பேரரசரின் படையில், ஒருவர் பிரஷ்ய அரசரின் படையில். சொந்த நாட்டுப் படையில் ஒருவரும் இல்லை, ஏனென்றால் சொல்லிக்கொள்ளும்படி அங்கே படை என்று ஒன்று கிடையாது. ஆறாவதாக ஒரு தம்பியும் இருந்தார். கடைக்குட்டி. அவர் ஆட்சிக்கு வரவே இல்லை. 1813-இல், 26 வயதில், போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்துபோனார்.

நாட்டின் பெயர் ஹெஸ்ஸன்-ஹோம்பர்க். ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு வடக்கே, டௌனுஸ் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர், ஒரு கோட்டை, சுற்றிலும் சில கிராமங்கள். நாட்டின் கடைசி நாட்களில்கூட, ரைன் ஆற்றுக்கு மேற்கே பிற்பாடு கிடைத்த ஒரு துண்டு நிலத்தையும் சேர்த்து, மக்கள்தொகை 30,000-ஐத் தொடவில்லை. நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர ஜமீன் என்று வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய வரலாற்றை ஓய்வு நேரத்தில் படிக்கிறவன் நான். பெரிய அரசர்களைவிட இந்தச் சின்ன வீட்டுக்காரர்கள்தான் என்னை அதிகம் இழுக்கிறார்கள். அதிலும் இந்த ஹோம்பர்க் குடும்பத்தைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன்.

இந்த வம்சம் பிறந்ததே பாகப்பிரிவினையில்தான். 1622-இல் ஹெஸ்ஸன்-டார்ம்ஸ்டாட் ஆட்சியாளர் தன் தம்பி ஃபிரீட்ரிக்குக்குப் பிரித்துக் கொடுத்த பங்கு ஹோம்பர்க். லாண்ட்கிராஃப் என்ற பட்டம் மட்டும் பெரிது, வருமானம் சிறிது. அந்தச் சிறிய வருமானத்தை வைத்துக்கொண்டு இளைய மகன்களை என்ன செய்வது? கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் ஒருவரை ஆயராக்கலாம். அன்றைய ஜெர்மனியில் ஆயர் என்றால் பல இடங்களில் நாடும் வருமானமும் உள்ள ஆட்சியாளர். புராட்டஸ்டன்ட் குடும்பத்துக்கு அந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டிருந்தது. மிஞ்சியது பெரிய அரசர்களின் படை. இளவரசன் என்ற பிறப்பு ஒன்றே அங்கே இளம் வயதில் பதவி வாங்கித் தரும். பதவி உயர உயர ஒரு ரெஜிமெண்ட் கைக்கு வரும், அதிலிருந்து வருமானம் வரும், பெரிய இடத்துச் சம்பந்தமும் அமையும்.

இதே ஹெஸ்ஸன் வம்சத்தின் இன்னொரு கிளையான ஹெஸ்ஸன்-காசல் வேறு வழியில் பிழைத்தது. அது தன் குடிமக்களைப் படையாகத் திரட்டி வாடகைக்கு விட்டது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டையிட்ட ஏறத்தாழ 30,000 ஜெர்மானியர்களில் பாதிக்கு மேல் காசலிலிருந்து போனவர்கள். அந்தக் காலத்தில் ஜெர்மன் வீரர்கள் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். 1783-இல் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது ஆங்கிலேயர் பக்கம் ஹனோவர் வீரர்கள் நின்றார்கள். பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜ்தான் ஹனோவருக்கும் ஆட்சியாளர் என்பதால் அனுப்பப்பட்டவர்கள். ஹோம்பர்க்கிடம் அப்படி அனுப்பப் படை ஏது? அது தன் வீட்டுப் பிள்ளைகளையே அனுப்பியது. என்னைக் கேட்டால், காசல் செய்ததைவிட இது நேர்மையானது. பிறத்தியார் பிள்ளையின் உயிரை விற்றுக் கஜானாவை நிரப்புவதற்கும், சொந்தப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்த வழியில் போனவர்களில் பேர் பெற்றவர் இரண்டாம் ஃபிரீட்ரிக், 1633-இல் பிறந்தவர். அவருக்கு மேலே அண்ணன்கள் இருந்ததால் ஆட்சி தனக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. இருபது வயதைத் தாண்டியதும் ஸ்வீடன் படையில் சேர்ந்தார். 1659 பிப்ரவரியில் ஸ்வீடன்காரர்கள் கோபன்ஹேகன் கோட்டையைத் தாக்கியபோது பீரங்கிக் குண்டு பட்டு வலது கால் சிதைந்தது. முழங்காலுக்குக் கீழே போயிற்று. வயது 25.

அந்தக் காலத்தில் காலிழந்த படைவீரனின் கதை அதோடு முடிந்துவிடும். இவருக்கு அப்படி ஆகவில்லை. மரத்தால் ஒரு செயற்கைக் கால் செய்து மாட்டிக்கொண்டார். அதன் மூட்டுகளில் வெள்ளி வேலைப்பாடு இருந்ததால் வெள்ளிக்கால் லாண்ட்கிராஃப் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து மார்கரெட்டா பிராஹே என்ற ஸ்வீடன் சீமாட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 28, மணப்பெண்ணுக்கு 57. அவர் ஸ்வீடனின் புகழ்பெற்ற சான்சலர் ஆக்செல் ஆக்சன்ஸ்டியெர்னாவின் மருமகளாக இருந்து விதவையானவர், பெரும் பணக்காரர். ஊர் என்னென்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செல்வத்தில் ஃபிரீட்ரிக் ஜெர்மனியில் வெஃபர்லிங்கன், நாய்ஷ்டாட் ஆகிய பண்ணை நிலங்களை வாங்கினார். நாய்ஷ்டாட்டைத் தொழில் ஊராக்க முனைந்தார். 1669-இல் மார்கரெட்டா இறந்தார். அடுத்த ஆண்டு கூர்லாந்து நாட்டு இளவரசி லூயிஸா எலிசபெத்தை மணந்தார். அவர், பின்னாளில் பிரஷ்யாவாக வளர்ந்த பிராண்டன்பர்க் நாட்டின் ஆட்சியாளர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்முக்கு மருமகள் முறை, உடன்பிறந்த சகோதரியின் மகள். அப்புறம் என்ன, பிராண்டன்பர்க் குதிரைப்படையில் ஜெனரல் பதவி வந்து சேர்ந்தது.

1675-இல் விதி ஒரு விந்தையான திருப்பத்தைக் காட்டியது. ஸ்வீடன் படை பிராண்டன்பர்க்கில் புகுந்தது. எந்த நாட்டுக்காகக் காலைக் கொடுத்தாரோ அந்த நாட்டின் படையைத் துரத்துகிற வேலை ஃபிரீட்ரிக்கிடம் வந்தது. பின்வாங்கும் ஸ்வீடன்காரர்களைப் பின்தொடர்ந்த முன்னணிக் குதிரைப்படை, ஏறக்குறைய 1,500 பேர், அவர் கையில் இருந்தது. எதிரியை விடாமல் தொட்டுக்கொண்டே போ, பெரிய சண்டையில் இறங்காதே என்பது கட்டளை. ஆனால் ஃபெர்பெலின் அருகே அவர் எதிரியோடு கைகலந்துவிட்டார், கலந்தபின் உதவி கேட்டு ஆளனுப்பினார். பிராண்டன்பர்க்கின் முதிய தளபதி டெர்ஃப்லிங்கரும் ஆட்சியாளரும் மற்ற படையோடு வந்து சேர்ந்தார்கள். பீரங்கிகளை ஒரு மேட்டின் மேல் ஏற்றினார்கள். ஜூன் 28 அன்று அந்தச் சதுப்பு நிலத்தில் ஸ்வீடன் தோற்றது. பெரும்போர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐரோப்பாவே அஞ்சிய ஸ்வீடன் படையைப் பிராண்டன்பர்க் தனியாக நின்று வென்றது என்பது பெரிய செய்தி. பின்னாளில் பிரஷ்யா தன் பெருமையை எண்ணத் தொடங்கிய இடம் அதுதான்.

கட்டளையை மீறியதற்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதா? இல்லை. ராணுவ விசாரணையே நடக்கவில்லை. ஆனால் கதை வளர்ந்தது. பிரஷ்யாவின் மகா ஃபிரெடரிக் தன் வம்சத்தின் வரலாற்றை எழுதியபோது, சட்டப்படி பார்த்தால் உன் உயிர் போக வேண்டும் என்று ஆட்சியாளர் கடிந்து, பிறகு மன்னித்ததாக எழுதிவைத்தார். அந்த ஒரு பொறியை எடுத்து ஹைன்ரிக் ஃபான் க்ளைஸ்ட் ஒரு நாடகம் எழுதினார். அவருடைய ஹோம்பர்க் இளவரசன் தூக்கத்தில் நடக்கிற கனவுக்கார இளைஞன். தனக்காக வெட்டிய சவக்குழியைப் பார்த்துவிட்டு உயிர்ப்பிச்சை கேட்டுக் கதறுகிறவன். ஜெர்மன் நாடக இலக்கியத்தின் சிகரங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள், எனக்கும் அதில் மறுப்பில்லை. மரணத்துக்கு அஞ்சும் படைவீரனை மேடையில் நிறுத்த அந்தக் காலத்தில் அசாத்திய துணிச்சல் வேண்டும். 1828-இல் பெர்லினில் அது மேடையேறியபோது சில காட்சிகளோடு பிரஷ்ய அரசரே நிறுத்திவிட்டார். க்ளைஸ்ட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1811-இலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. அந்த நாடகம் உண்மையான ஃபிரீட்ரிக்கை மறைத்துவிட்டது. ஃபெர்பெலினில் குதிரையேறியவருக்கு 42 வயது. இரண்டாம் கல்யாணம் ஆகிக் குழந்தைகளும் உள்ளவர். ஒரு காலில்லாமல் 16 ஆண்டுகளாகச் சேணத்தில் உட்கார்ந்திருந்தவர். பதற்றத்தில் பாய்கிற விடலை அல்ல. எதிரியின் பின்வரிசை குலைவதைப் பார்த்துவிட்டு, இந்தச் சமயத்தை விட்டால் தப்பித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்ட அனுபவசாலி என்றுதான் நான் அவரைப் புரிந்துகொள்கிறேன்.

படையைவிட்டு வந்தபின் அவர் செய்தவை எனக்கு இன்னும் பிடிக்கும். அண்ணன்மார் வழி ஓய்ந்து 1681-இல் ஆட்சி அவரிடம் வந்தது. பழைய கோட்டையை இடித்துப் புது அரண்மனை எழுப்பினார். பழையதில் வெள்ளைக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார். பிரான்சில் மதத்தின் பெயரால் விரட்டப்பட்ட ஹியூகனாட்டுகளுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினார். அவர்கள் உருவாக்கிய ஊர்தான் ஃபிரீட்ரிக்ஸ்டார்ஃப். 1699-இல் வால்டென்சியர்கள் என்ற இன்னொரு விரட்டப்பட்ட கூட்டத்துக்கு டோர்ன்ஹோல்ட்ஸ்ஹௌசனில் இடம் கொடுத்தார். அவரை இன்றும் வெள்ளிக்காலுக்காகவும் ஒரு போருக்காகவும் நினைக்கிறார்கள். அகதிகளுக்கு வீட்டுமனை அளந்து கொடுத்ததற்காக நினைத்திருக்கலாம்.

வேலை நிமித்தம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்5 ரயிலேறி ஹோம்பர்க் போனேன். அதே ரயிலின் கடைசி நிறுத்தம் ஃபிரீட்ரிக்ஸ்டார்ஃப் என்று பலகையில் பார்த்தபோதே மனம் நிறைந்துவிட்டது. அரண்மனையில் ஆண்ட்ரியாஸ் ஷ்லூட்டர் வடித்த அவருடைய வெண்கல மார்பளவுச் சிலை இருக்கிறது. கவசம், சுருள்முடி, நிமிர்ந்த தலை என்று முழு ராஜ தோரணை. அந்தச் செயற்கைக் காலையும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பெயரில் உள்ள வெள்ளியை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அது மரமும் தோலுமாகத்தான் தெரியும். அன்றாடம் கட்டி அவிழ்த்துப் பயன்படுத்திய ஒரு பொருள். சிலையைவிட அதன் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

அவருடைய மகன்கள் காலத்தில் இரத்தம் இன்னும் அதிகமாகச் சிந்தியது. கார்ல் கிறிஸ்டியன் 1695-இல் நாமூர் முற்றுகையில் இறந்தார். ஃபிலிப் 1703-இல் ஷ்பையர்பாக் போரில் இறந்தார். ஆட்சிக்கு வந்த மூத்த மகன் டச்சுக் குடியரசின் படையில் காலங்கழித்து அங்கேயே இறந்தார். பேரன் ஒருவர், லுட்விக் குருனோ, ரஷ்யாவுக்குப் போய் பீல்டு மார்ஷல் வரை உயர்ந்தார். ஹோம்பர்க் கஜானாவில் மட்டும் கடன் குறையவே இல்லை.

இனி அந்த ஆறு சகோதரர்கள். அவர்களுடைய அப்பா ஐந்தாம் ஃபிரீட்ரிக், மூன்று வயதில் தகப்பனை இழந்து பட்டத்துக்கு வந்தவர். போரிலும் ஆட்சியிலும் நாட்டமில்லாத, புத்தகமும் பக்தியுமாக வாழ்ந்த மனிதர். கவிஞர் க்ளோப்ஷ்டாக்கின் நண்பர். மனநலம் குன்றத் தொடங்கிய இன்னொரு கவிஞர் ஹோல்டர்லினை ஹோம்பர்க்கில் நூலகர் என்ற பெயரில் சில காலம் தங்கவைத்தார்கள். சம்பளத்தைத் தன் பையிலிருந்து கொடுத்தவர் அவருடைய நண்பரும் ஹோம்பர்க் அதிகாரியுமான சிங்க்ளேர். ஹோல்டர்லின் தன் பெரும் கவிதைகளில் ஒன்றான பாட்மோஸை இந்த லாண்ட்கிராஃபுக்குத்தான் காணிக்கையாக்கினார். இப்படிப்பட்ட ஒரு தகப்பனின் ஆறு பிள்ளைகளும் வாளேந்திப் போனார்கள். அவர் அதை விரும்பினாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. வேறு வழி இருக்கவில்லை.

1806-இல் நெப்போலியன் ஜெர்மனியைக் கலைத்து அடுக்கியபோது ஹோம்பர்க் வரைபடத்திலிருந்து மறைந்தது. அதை விழுங்கியது ஹெஸ்ஸன்-டார்ம்ஸ்டாட். அதன் ஆட்சியாளர் யார் என்றால், ஐந்தாம் ஃபிரீட்ரிக்கின் சொந்த மைத்துனர், மனைவி கரோலினாவின் உடன்பிறந்த தம்பி. பிள்ளைகள் எல்லோரும் நெப்போலியனின் எதிரிகளிடம் வேலை பார்த்தார்கள் என்பதும் இதற்கு உதவியாக இருந்திருக்கும். வயதான லாண்ட்கிராஃப் தன் அரண்மனையிலேயே நாடில்லாதவரானார்.

பிறகு 1813 வந்தது. இங்கே சகோதரர்களைச் சற்று விட்டு அவர்களுடைய தங்கை மரியானேயைப் பார்க்க வேண்டும். அவர் பிரஷ்ய அரசரின் தம்பி வில்ஹெல்மின் மனைவி. க்ளைஸ்ட் தன் நாடகத்தைக் காணிக்கையாக்கியது இவருக்குத்தான், கதாநாயகன் இவருடைய மூதாதை என்பதால். 1810-இல் அரசி லூயிஸா இறந்தபின் பிரஷ்ய அரச குடும்பத்துப் பெண்களில் முன்னால் நின்றவர் இவர். நெப்போலியனுக்கு எதிராகப் பிரஷ்யா எழுந்தபோது, மார்ச் மாதம் 23-ஆம் தேதி, மரியானேயும் மற்ற இளவரசிகளும் நாட்டுப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். நகைகளைக் கொடுங்கள், காயம்பட்டவர்களைக் கவனிக்க வாருங்கள் என்று கேட்டார்கள். பெண்கள் தங்கத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரும்பு நகை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ஆறு வாரம்கூட ஆகவில்லை. மே 2 அன்று லைப்சிக்குக்கு அருகே குரோஸ்கோர்ஷன் என்ற கிராமத்தில் அவருடைய தம்பி லியோபோல்ட் விழுந்தார். பிரஷ்யாவின் படைச் சீர்திருத்தக்காரர் ஷார்ன்ஹோர்ஸ்ட் மரணக் காயம் பட்டதும் அதே நாளில்தான். அடுத்தவர் வீட்டு நகைகளைக் கொடுங்கள் என்று கேட்டு நீண்ட கை, தன் வீட்டுக் கடைக்குட்டியைக் கொடுத்துவிட்டிருந்தது. லியோபோல்ட் விழுந்த இடத்தருகே இன்றும் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.

அக்டோபரில் லைப்சிக் பெரும்போர். மூத்தவர் ஃபிரீட்ரிக் ஆஸ்திரியர்களின் ஒரு பெரிய அணிவரிசையை நடத்திப்போய் 18-ஆம் தேதி காயம்பட்டார். அவருடைய பொறுப்பைக் கொலோரெடோ என்ற இன்னொரு ஆஸ்திரியத் தளபதி ஏற்க வேண்டியிருந்தது. மறுநாள் லைப்சிக் நகர வாசலை உடைத்துப் புகுந்த பிரஷ்யப் படையில் அடுத்தவர் லுட்விக் காயம்பட்டார். ஒரே போரில், இரண்டு வேறு அரசர்களுக்காக, இரண்டு வேறு சீருடைகளில், அடுத்தடுத்த நாளில் அண்ணனும் தம்பியும் இரத்தம் சிந்தினார்கள். நல்லவேளை, ஒருவரை ஒருவர் எதிர்த்து அல்ல.

அந்த இரத்தத்துக்கு விலை கிடைத்தது. நெப்போலியன் தோற்றபின் நாடுகளின் எல்லைகளை மறுபடி வகுத்த வியன்னா மாநாட்டில் ஹோம்பர்க்குக்காக வாதாடப் போனவர் அதே சிங்க்ளேர்தான். 1815 ஏப்ரலில் அங்கேயே இறந்துவிட்டார். ஆனால் வழக்கு ஜெயித்தது. 1806-இல் மறைந்த எத்தனையோ சின்ன நாடுகள் திரும்பி வரவே இல்லை. ஹோம்பர்க் வந்தது, ரைனுக்கு மேற்கே மைசன்ஹைம் பகுதியையும் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு. ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் அந்த வீட்டுப் பிள்ளைகளை மறக்கவில்லை.

வந்த நாட்டை ஆளப் பிள்ளைகள் வீடு திரும்பியபோதுதான் இன்னொரு கணக்கு தெரியவந்தது. வாலிபம் முழுவதும் முகாம்களில் போய்விட்டிருந்தது. மூத்தவர் பட்டத்துக்கு வந்தபோது 50 வயது. அவர் மணந்தது பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜின் மகள் எலிசபெத்தை, 1818-இல், மணப்பெண்ணுக்கு 47 வயதாக இருந்தபோது. லண்டன் கேலிச்சித்திரக்காரர்கள் மாப்பிள்ளையைப் பாடாய்ப் படுத்தினார்கள். ஆனால் கடுமையான தாயின் பிடியில் பாதி வாழ்க்கையைக் கழித்த எலிசபெத்துக்கு அந்தச் சின்ன ஊர் விடுதலையாக இருந்தது. தன் பணத்தில் அரண்மனையைச் செப்பனிட்டார், தோட்டங்கள் போட்டார். ஒருவரை ஒருவர் உண்மையாக நேசித்தார்கள் என்பதை அவருடைய கடிதங்களைப் படித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். குழந்தை மட்டும் இல்லை.

1829-இல் லுட்விக் வந்தபோது வயது 58. அவருடைய கல்யாணம் எப்போதோ ஓர் ஆண்டுக்குள் முறிந்திருந்தது. 1839-இல் ஃபிலிப் வந்தார், 59 வயதில். அதற்கு முந்தைய ஆண்டுதான் குலத்தில் தாழ்ந்தவர் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணை மனம்போல மணந்திருந்தார். அந்த உறவில் பட்டத்துக்கு வாரிசு வர வழியில்லை. ஃபிலிப் காலத்தில்தான் பிளாங்க் சகோதரர்கள் என்ற பிரெஞ்சுக்காரர்கள் வந்து சூதாட்ட மண்டபம் திறந்தார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிச் சம்பாதித்த நாட்டுக்கு, ரூலட் மேசை உட்கார்ந்த இடத்தில் பணம் கொட்டியது.

நான்காமவர் குஸ்தாவ் ஒருவருக்குத்தான் பட்டத்துக்கு உரிய ஆண் வாரிசு இருந்தான், ஃபிரீட்ரிக் என்று ஒரே மகன். 1848 ஜனவரியில் அந்தப் பையன் 17 வயதில் இறந்தான். போர் எதுவும் இல்லை, மாணவனாக இருந்தபோது. செப்டம்பரில் தகப்பனும் போய்ச் சேர்ந்தார். எஞ்சியது ஃபெர்டினாண்ட், 65 வயது, கல்யாணமே ஆகாதவர். அடுத்த 18 ஆண்டுகள் அந்த அரண்மனையில் தனியாக வாழ்ந்து, 1866 மார்ச் 24 அன்று இறந்தார்.

நாடு ஒப்பந்தப்படி மறுபடி டார்ம்ஸ்டாட்டுக்குப் போனது. ஆனால் அந்த ஜூலையில், சகோதரர்கள் சேவித்த அதே ஆஸ்திரியாவும் அதே பிரஷ்யாவும் கோனிக்ரேட்ஸில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. டார்ம்ஸ்டாட் தோற்ற பக்கம் நின்றிருந்தது. செப்டம்பரில் ஹோம்பர்க்கைப் பிரஷ்யா எடுத்துக்கொண்டது. லியோபோல்ட் எந்த அரசருக்காக உயிரை விட்டாரோ, அவருடைய மகன்தான் அப்போது பிரஷ்ய அரியணையில் இருந்தார்.

ஆண்வழி அப்படி முடிந்தது. மரியானேயின் வழி முடியவில்லை. அவருடைய மகள் மரீ பவேரியாவின் அரசியானார். ஆல்ப்ஸ் மலைகளில் கனவுக்கோட்டைகள் கட்டிய இரண்டாம் லுட்விக் மரீயின் மகன். இன்னொரு மகள் எலிசபெத் டார்ம்ஸ்டாட் வீட்டில் வாழ்க்கைப்பட்டார். அந்த எலிசபெத்தின் பேத்தி அலிக்ஸ் ரஷ்யாவின் கடைசி ஜாரினா. இன்னொரு பேத்தி விக்டோரியாவின் இளைய மகன் கடற்படையில் சேர்ந்து, 1947-இல் டெல்லிக்கு இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக வந்தார். மவுண்ட்பேட்டன் என்று நாம் படிக்கும் அவர், லியோபோல்டின் அக்காவுக்குக் கொள்ளுப்பேத்தியின் மகன்.